ஒரு பிரகடனமும் ஒரு கடிதமும்

2023-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி மார்க் ஆண்ட்ரீசன் என்ற அமெரிக்க முதலீட்டாளர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். 'தொழில்நுட்ப நம்பிக்கைவாதியின் பிரகடனம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதைக் கட்டுரை என்று சொல்வதற்கில்லை. வாதம் என்றுகூடச் சொல்வதற்கில்லை. ஒரு வரி, ஒரு பாரா. அடுத்த வரி, அடுத்த பாரா. எத்தனையோ வரிகள் 'நாங்கள் நம்புகிறோம்' என்றே ஆரம்பமாகின்றன. சகஸ்ரநாமம் சொல்லுவது போல நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போகலாம். வளர்ச்சிதான் முன்னேற்றம், வறுமையைத் தீர்க்க மிகச் சிறந்த வழி சந்தையே, யந்திர மூளையின் வளர்ச்சியைத் தடுக்கிறவன், அதனால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்களைக் கொன்றவனாகிறான், பூமியில் ஐயாயிரம் கோடி ஜனங்கள்கூட வாழலாம். இவ்வளவும் அதில் இருக்கின்றன.

நண்பர் ஒருவரின் பிள்ளை, பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறவன், இதை அச்செடுத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். "மாமா, இதைப் படிச்சுப் பாருங்க. நீங்க எழுதற ஏழைக் கதையெல்லாம் ஏன் பழசாப் போச்சுன்னு தெரியும்" என்றான். அவன் கெட்டிக்காரன், நல்ல பிள்ளையும்கூட. தாயாரின் கண் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் லீவு போட்டு வந்து கூட இருந்தவன். அப்படிப்பட்டவன் இந்தக் காகிதத்தைப் பூஜை அறையில் வைக்கவேண்டிய வஸ்துவைப் போலக் கொடுத்ததுதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

பொருளாதாரம் படித்தவனல்ல நான்; கதை எழுதுகிறவன். எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரகடனத்தின் கடைசியில் ஒரு ஜாபிதா இருக்கிறது. தமக்கு ஞானகுருக்களாக உள்ளவர்களின் பெயர்களை ஆண்ட்ரீசன் அதில் கொடுத்திருக்கிறார். ஆடம் ஸ்மித் இருக்கிறார், ஹாயெக் இருக்கிறார், மில்ட்டன் ஃப்ரீட்மன் இருக்கிறார், கணித மேதை ஜான் வான் நாய்மன் இருக்கிறார். இவர்களுக்கு நடுவே ஜான் கால்ட் என்று ஒரு பெயர். ஜான் கால்ட் இந்தப் பூமியில் பிறந்தவனல்ல. அயன் ராண்ட் என்ற அம்மாள் 1957-ல் வெளியிட்ட 'அட்லஸ் ஷ்ரக்டு' என்ற நாவலின் கதாநாயகன். மற்றவர்கள் எல்லாம் நிஜமாகவே பிறந்து உழைத்த மனிதர்கள். இவன் ஒருவன்தான் காகிதத்தில் பிறந்தவன். ஒரு நாவல் பாத்திரத்தை ஞானகுருக்களின் வரிசையில் உட்கார்த்தி வைத்தவர், நாவலாசிரியர்களின் தெருவுக்குத் தாமாகவே வந்துவிட்டார். இனி அவரைப் பற்றிப் பேச எங்களுக்கும் உரிமை உண்டு.

முதலில் மனிதரைப் பார்க்கலாம். பிரகடனத்தைவிட அவர் எவ்வளவோ சுவாரஸ்யமானவர்.

ஆண்ட்ரீசன் 1971-ல் பிறந்தவர். வளர்ந்தது விஸ்கான்ஸின் மாகாணத்தில் நியூ லிஸ்பன் என்ற, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிற்றூர். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே, நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தைப் படித்து, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷையைக் கற்றுக்கொண்ட பையன். பிறகு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவன். அங்கே தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையம் என்று ஒன்று இருந்தது. அதில் மணிக்கு ஏழு டாலருக்கும் குறைவான கூலிக்கு வேலைக்குச் சேர்ந்தான் பையன். அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்று.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஸ்விட்ஜர்லாந்தில் ஸெர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல் 'உலக வலை'க்கான யோசனையை எழுதி வைத்தார். ஒரு கம்ப்யூட்டரில் உள்ள பக்கத்தை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து புரட்டிப் பார்க்கிற ஏற்பாடு அது. ஆனால் அதைப் பயன்படுத்தினவர்கள் விஞ்ஞானிகளே. சாதாரண மனிதனுக்கு அதில் நுழைய வாசல் இல்லை. 1993-ன் ஆரம்பத்தில் ஆண்ட்ரீசனும் எரிக் பினா என்ற அவருடைய சகாவும் சேர்ந்து மொசைக் என்ற பிரவுசரை எழுதி வெளியிட்டார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஆண்ட்ரீசன். வலையை உருவாக்கிய மேதைக்கே அதில் அவ்வளவாக ருசி இல்லை. ஆனால் பையனுக்குத் தெரிந்திருந்தது, ஜனங்கள் படம் பார்க்கத்தான் வருவார்கள் என்று. நம் பத்திரிகை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. இன்று நாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பக்கங்களுக்கெல்லாம் மூலப் பக்கம் அந்த மொசைக் பக்கமே. இந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது.

ஆனால் யார் செலவில் இது நடந்தது? மையம் சர்க்கார் பணத்தில் நடந்தது. 1991-ல் செனட்டர் அல் கோர் முன்னின்று நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் கீழ் வந்த மானியம் மொசைக் வேலைக்கு உதவியது. இன்டர்நெட்டின் வேரோ 1969-ல் அமெரிக்க ராணுவ இலாகா போட்ட வலையில் இருக்கிறது. தனியார் கையில் விட்டிருந்தால் இந்தக் காரியம் நடந்திருக்காது, நடந்தாலும் பல வருஷம் பிந்தித்தான் நடந்திருக்கும் என்று சொன்னவர் வேறு யாருமல்ல, ஆண்ட்ரீசனேதான். 2000-ம் வருஷத்து வாக்கில் அவர் அப்படிச் சொன்னார். இருபத்து மூன்று வருஷம் கழித்து எழுதிய பிரகடனத்தில் இந்த வாக்கியத்துக்கு இடம் இல்லை. மனிதர்கள் மாறுவது தவறல்ல. ஆனால் ஒரு கதையில் பாத்திரம் மாறினால், எந்த அத்தியாயத்தில் மாறினான், ஏன் மாறினான் என்று வாசகர் கேட்பார். பிரகடனம் எழுதுகிறவருக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

மாறுகிற சந்தர்ப்பங்கள் வேண்டிய மட்டும் வந்தன. 1994-ல் ஜிம் கிளார்க் என்ற முதலாளியோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். பல்கலைக்கழகம் மொசைக் என்ற பெயர் எங்களுடையது என்று தகராறு செய்தது. கம்பெனி நெட்ஸ்கேப் என்று பெயரை மாற்றிக்கொண்டு, பணமும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 1995 ஆகஸ்டு 9-ந் தேதி அதன் பங்குகள் மார்க்கெட்டுக்கு வந்தன. காலையில் 28 டாலர் விலை வைத்த பங்கு மாலையில் 58 டாலருக்கு மேல் முடிந்தது. இருபத்து நாலு வயதுப் பையன் ஒரே நாளில் காகிதக் கணக்கில் ஐந்து கோடி டாலருக்கு மேல் சொந்தக்காரன். அடுத்த வருஷம் பிப்ரவரியில் 'டைம்' பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. தங்க முலாம் பூசிய சிம்மாசனத்தில், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். வெறுங்கால் ராஜா! எந்தக் கதாசிரியனும் இப்படி ஒரு படத்தைக் கற்பனை செய்திருந்தால், கொஞ்சம் மிகை என்று நாமே அடித்திருப்போம்.

பிறகு வந்தது மைக்ரோஸாப்ட். தன் பிரவுசரைத் தன்னுடைய விண்டோஸோடு சேர்த்து இனாமாகவே கொடுத்தது. விலைக்கு விற்கிறவன் இனாமாகக் கொடுக்கிறவனோடு எத்தனை நாள் தாக்குப் பிடிப்பான்? 1998-ல் நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். என்ற கம்பெனிக்கு விற்கப் பேசி முடித்தார்கள். அதே வருஷம் மே மாதத்தில் அமெரிக்க சர்க்கார் மைக்ரோஸாப்டின் மேல் ஏகபோக வழக்குத் தொடுத்தது. 1995-ல் மைக்ரோஸாப்ட் ஆட்கள் வந்து பேசிய ஒரு கூட்டத்தில் ஆண்ட்ரீசன் எழுதிக்கொண்ட குறிப்புகள் அந்த வழக்கில் சாட்சியமாக வந்தன. சந்தையில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்ன வந்தபோது, சின்ன மீனின் குறிப்புப் புத்தகம் சர்க்கார் வக்கீலின் கையில் இருந்தது. இதையும் பிரகடனத்தில் தேடினேன். சந்தையின் போட்டி ஏகபோகத்தைத் தானாகவே உடைத்துவிடும் என்ற பொருளில்தான் அங்கே எழுதியிருக்கிறது.

லவுட்கிளவுட் என்ற அடுத்த கம்பெனியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1999-ல் ஆரம்பமாகி, முழுகப் போய், ஆப்ஸ்வேர் என்று மறுபிறவி எடுத்து, 2007-ல் 160 கோடி டாலருக்கு விலைபோனது. 2009-ல் கூட்டாளி பென் ஹாரோவிட்ஸோடு சேர்ந்து ஆண்ட்ரீசன் ஹாரோவிட்ஸ் என்ற துணிகர முதலீட்டு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். முதல் நிதி 30 கோடி டாலர். அவரை உலகம் இன்று அறிவது இந்த வேஷத்தில்தான்.

துணிகர முதலீடு என்பது என்ன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் லேவாதேவிக்காரர் பணம் கொடுத்தால் வட்டி கேட்பார், ஈடு கேட்பார். இவர்கள் இரண்டும் கேட்பதில்லை. ஈடு கொடுக்க வழியில்லாத இருபத்தைந்து வயதுப் பையனிடம் பணத்தைக் கொடுத்து, கம்பெனியில் பங்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பெரும்பாலோர் தோற்றுப் போவார்கள். அதைப் பற்றி வழக்கும் இல்லை, வாரண்டும் இல்லை. ஒருவன் ஜெயித்தால் அத்தனை நஷ்டத்தையும் அவன் ஒருவனே ஈடுகட்டிவிடுவான். 2010-ல் ஒரு சிறு கம்பெனிக்கு இவர்கள் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். அது இன்ஸ்டாகிராம் ஆகி, 2012-ல் பேஸ்புக் அதை வாங்கியபோது 7 கோடியே 80 லட்சம் டாலராகத் திரும்பி வந்தது. வெள்ளிவிழாப் படம் ஒன்று ஓடி, ஒன்பது தோல்விப் படங்களின் கடனை அடைக்கும் கோடம்பாக்கத்துக் கணக்குத்தான்.

இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தோற்றவனைத் துரத்தாத முதலாளி நல்ல முதலாளி. கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான் என்று தூக்குப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எத்தனை கதைகள் நம்மிடம் இருக்கின்றன! ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் முதலீட்டாளரின் சொந்தப் பணமல்ல. பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பென்ஷன் நிதிகள் இவற்றின் பணம். 1979-ல் அமெரிக்கத் தொழிலாளர் இலாகா ஒரு விதிக்கு விளக்கம் கொடுத்து, பென்ஷன் பணத்தில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட துணிகரங்களில் போடலாம் என்று அனுமதித்த பிறகுதான் இந்தத் தொழிலே பெருகியது. வழக்கமாக, நிர்வகிக்கிறவருக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு கூலி. லாபம் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. ரிடையரான வாத்தியாரின் பென்ஷனும், மாணவர் படிப்புக்கென்று எவரோ எழுதிவைத்த தர்மச் சொத்தும் சேர்ந்துதான் துணிகிறது. துணிச்சல்காரர் என்ற பெயர் மட்டும் ஒருவருக்குப் போகிறது.

இனி அவருடைய கொள்கைக்கு வரலாம். அதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதமே என்று சொன்னால் என் இடதுசாரி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். மனிதன் தன் புத்தியால் பஞ்சத்தையும் நோயையும் விரட்டியிருக்கிறான் என்பது வாஸ்தவம். எந்தப் பொருளை எவ்வளவு செய்யவேண்டும் என்பதை ஓர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எந்த மேதாவியும் தீர்மானிக்க முடியாது என்று ஹாயெக் சொன்னதும் வாஸ்தவம். இதை நமக்கு அமெரிக்கர் வந்து சொல்லவேண்டியதில்லை. ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு நம்பர் வருவதற்குள் மாப்பிள்ளை எடுத்தவர்கள், இந்தத் தேசத்து மத்தியதர வகுப்பார். லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று அதற்குப் பெயர் வைத்து, 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் நம் ராஜாஜி. அவரும் எழுத்தாளர், அவரும் சுதந்திரச் சந்தை பேசியவர். ஆனால் அந்தக் கட்சியின் கொள்கைகளில் காந்தியடிகளின் தர்மகர்த்தா தத்துவத்துக்கு இடம் இருந்தது. சொத்து உன்னுடையதுதான்; ஆனால் நீ அதற்குத் தர்மகர்த்தா என்ற எண்ணம். ராஜாஜியோடு ஒத்துப்போகாதவர்கள்கூட, அவர் சந்தைக்கு வெளியே ஒரு தர்மம் இருக்கிறது என்று நினைத்தவர் என்பதை மறுக்கமாட்டார்கள்.

ஆண்ட்ரீசன் தம் பிரகடனத்தில் எதிரிகளுக்கும் ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறார். எதிரிகள் மனிதர்களல்ல, எண்ணங்கள் என்று ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டு, அந்த எண்ணங்களை வரிசைப்படுத்துகிறார். அதில் 'சமூகப் பொறுப்பு' ஒன்று. 'முன்னெச்சரிக்கைக் கொள்கை' ஒன்று. 'தொழில்நுட்ப ஒழுக்கம்' ஒன்று. சமூகப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ போலிகள் பிழைக்கிறார்கள், மறுக்கவில்லை. போலி ஒழிக என்று எழுதினால் நானும் கூடக் கத்துவேன். அவர் சொல்வது அதுவல்ல. சரக்கையே எதிரி என்கிறார்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. புதியன கண்டுபிடிக்கிறவருக்குக் கிடைப்பது அந்தக் கண்டுபிடிப்பால் விளையும் பலனில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், மீதி தொண்ணூற்றெட்டு சமூகத்துக்கே போகிறது என்பது. இது வில்லியம் நோர்ட்ஹாஸ் என்ற பெரிய பொருளாதார அறிஞர் 1948 முதல் 2001 வரை அமெரிக்கக் கணக்கைப் பார்த்துச் சொன்னது. சரி. ஆனால் தொண்ணூற்றெட்டுப் பங்கும் 'சமூகத்துக்கு' என்றால், யார் கைக்கு எவ்வளவு? சந்தையில் காய் மலிவாயிற்று என்றால் வாங்குகிறவருக்கு லாபம், கூடைக்காரிக்கு நஷ்டம். இரண்டையும் கூட்டிச் சமூகத்துக்கு லாபம் என்று எழுதலாம், கணக்கில் தப்பில்லை. கூடைக்காரியின் கதை மட்டும் அந்தக் கணக்கில் காணாமற் போகிறது. கதை எழுதுகிறவன் ஏன் ஏழைகளையே கட்டிக்கொண்டு அழுகிறான் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு என் பதில் இவ்வளவுதான்: மீதிப் பேரைப் பற்றிக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது அப்பா.

பிரகடனத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் வேறு. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு ஒரு காரியம் செய்வதற்குக் காரணங்கள் மூன்றே: அன்பு, பணம், பலாத்காரம். இது டேவிட் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார ஆசிரியர் சொன்னதென்று ஆண்ட்ரீசனே எடுத்துக் காட்டுகிறார். அன்பு சில பேர் வரைக்கும்தான் செல்லும். கோடிக் கணக்கான ஜனங்களுக்கு எட்டாது. ஆகவே மிச்சம் பணமும் பலாத்காரமும். பலாத்காரம் செய்து பார்த்தாயிற்று, உதவவில்லை, ஆகவே பணம். இதுதான் தர்க்கம். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள்! முதல் படியை ஒப்புக்கொண்டால் கடைசிப் படி வரையில் வழுக்கிக்கொண்டே போய்விடலாம்.

முதல் படியிலேயே நான் நின்றுவிட்டேன். மூன்றே காரணங்கள் என்று யார் எண்ணிப் பார்த்தது? வெட்கத்தினால் உதவுகிறவர் இல்லையா? பழக்கத்தினால்? 'நம் தொழிலுக்கு இழுக்கு வந்துவிடக் கூடாது' என்பதற்காக, ஒருவரும் பார்க்காத மூலையிலும் மரத்தை வழவழவென்று இழைக்கிற தச்சன் எந்தக் கணக்கில் சேருவான்? கூலி வாங்குகிறான், வாஸ்தவம். ஆனால் அந்த மூலைக்கு யாரும் கூலி கொடுக்கவில்லையே. தகப்பனார் பட்ட கடனைப் பத்திரம் இல்லாதபோதும் திருப்பிக் கொடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வாசகர்களும் பார்த்திருப்பார்கள். இந்தச் சில்லறைக் காரணங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் நாவலாசிரியனின் ஜீவனம். இவற்றைத் தள்ளிவிட்டால் எங்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே பிழைப்பு நடக்காது.

அன்பு கோடிப் பேருக்கு எட்டாது என்பதையாவது ஒப்புக்கொள்ளலாமா? 1993 ஏப்ரல் 30-ந் தேதி ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது. உலக வலைக்கான சாப்ட்வேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பணம் கேட்கமாட்டோம் என்று. டிம் பெர்னர்ஸ்-லீ அதைத் தன் சொத்தாக்கிக்கொள்ளவில்லை. அன்பு என்று சொல்லுங்கள், கடமை என்று சொல்லுங்கள், விஞ்ஞானியின் கர்வம் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள். பணமும் இல்லை, பலாத்காரமும் இல்லை. அது எத்தனை பேருக்கு எட்டியது? கோடிகோடியாக எட்டியது. எட்டியவர்களில் முதல் வரிசையில் நின்ற ஒருவர் மார்க் ஆண்ட்ரீசன். மொசைக்கையும் சொந்த உபயோகத்துக்கு இனாமாகத்தான் கொடுத்தார்கள். மணிக்கு ஏழு டாலருக்கும் குறைவான கூலிக்காகவா அந்த இருபத்தொரு வயதுப் பையன் படமும் எழுத்தும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்று மல்லுக்கட்டினான்? அந்தக் கூலிக்கு அவ்வளவு வேலை யாரும் செய்யமாட்டார்கள். பிரகடனம் எழுதிய ஐம்பத்திரண்டு வயது மனிதரை மறுப்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பையன் போதும்.

ஜான் கால்டுக்கு வருகிறேன். நாவலில் அவன் காற்றிலுள்ள மின்சாரத்தை இழுத்து ஓடுகிற ஓர் அற்புத மோட்டாரைக் கண்டுபிடித்தவன். உழைப்பவர்களின் மேல் உலகம் சவாரி செய்கிறது என்று கோபித்துக்கொண்டு, கெட்டிக்காரர்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் போய் ஒளிந்துகொள்கிறான். அவர்கள் இல்லாமல் உலகம் சீரழிகிறது. கடைசியில் ரேடியோவில் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்கிறான். அயன் ராண்ட் அம்மாள் ருஷ்யப் புரட்சியில் தகப்பனாரின் மருந்துக்கடை பறிபோனதைக் கண்ணால் கண்டவர். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்தக் கோபம்தான் புத்தகத்துக்கு இருக்கிற உயிர். ஆனால் கால்ட் பாத்திரமல்ல. தயங்கமாட்டான், தவறமாட்டான், ஒருவருக்கும் கடன்படமாட்டான். அவனிடம் பேசுகிற எல்லோரும் அவன் சொன்னது சரி என்று கடைசியில் ஒப்புக்கொள்வார்கள், அல்லது அழிந்துபோவார்கள். எழுத ஆரம்பித்த புதிதில் நாங்கள் எல்லோரும் இப்படிக் கதாநாயகர்களைப் படைத்தவர்கள்தான். பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த ஜாபிதாவில் மற்றவர்கள் கண்டுபிடித்தவையெல்லாம் உலகத்தில் ஓடுகின்றன. கால்டின் மோட்டார் அம்மாளின் காகிதத்தைத் தாண்டி ஓடியதில்லை.

மாரினெட்டியும் ஜாபிதாவில் இருக்கிறார். 1909-ல் பாரிஸ் பத்திரிகையில் எதிர்காலவாதிகளின் பிரகடனத்தை வெளியிட்ட இத்தாலியக் கவி. வேகத்தைப் பாடியவர், யுத்தத்தையும் பாடியவர். 1919-ல் பாசிஸ்டுகளின் முதல் பிரகடனத்தை எழுதியவர்களில் ஒருவர். அவருடைய வாக்கியங்களை எடுத்து, இடத்துக்குத் தகுந்தபடி வார்த்தையை மாற்றி ஆண்ட்ரீசன் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இதை வைத்து அவரைப் பாசிஸ்டு என்று திட்டுவது அநியாயம். சுருதி பிடித்திருக்கிறது, எடுத்துக்கொண்டார். ஆனாலும் பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுச் சுருதியை எடுத்துக்கொள்வது நல்லது.

நம் தேசத்தைப் பற்றி அவர் ஒரு தடவை வாயைத் திறந்தார். 2016 பிப்ரவரி 8-ந் தேதி நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேஸிக்ஸ்' போன்ற ஏற்பாடுகளைத் தடுத்து உத்தரவு போட்டது. சில பக்கங்களை மட்டும் இனாமாகக் காட்டி, மற்றவற்றுக்குக் காசு கேட்பது கூடாது என்பது உத்தரவின் சாரம். ஆண்ட்ரீசன் அப்போது பேஸ்புக்கின் டைரக்டர்களில் ஒருவர். காலனி ஆட்சியை எதிர்த்தது இந்தியர்களின் பொருளாதாரத்துக்குப் பல்லாண்டுகளாகக் கேடாக முடிந்திருக்கிறது, இப்போது மட்டும் ஏன் நிறுத்தவேண்டும் என்று குத்தலாக ட்விட்டரில் எழுதினார். ஊர் எழுந்தது. பேஸ்புக் முதலாளி ஸக்கர்பர்கே அந்தப் பேச்சு தம்மை வருத்துகிறது என்று சொல்லவேண்டி வந்தது. ஆண்ட்ரீசன் எழுதியதை அழித்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்ட பிறகு அதைத் தோண்டுவது மரியாதையல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம். விலைக்கு விற்ற நெட்ஸ்கேப்பை இனாமாகக் கொடுத்துக் கொன்றது யார் என்பது அவருக்குத் தெரியும். இனாமின் அபாயத்தை அவரைவிட நன்றாக உணரக்கூடியவர் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

2023 மார்ச் 10-ந் தேதி, பிரகடனத்துக்கு ஏழு மாதம் முன்பு, அந்தப் பள்ளத்தாக்கின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. சட்டப்படி ஒரு வங்கியில் ஒரு டிபாசிட்தாரருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைதான் சர்க்கார் காப்பு. கம்பெனிகளோ கோடிக் கணக்கில் போட்டு வைத்திருந்தன. சந்தையின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு நஷ்டத்தைத் தாங்குவோம் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் ஏதும் பலமாகக் கேட்டதாக ஞாபகமில்லை. காப்பாற்று என்ற குரல்கள்தான் கேட்டன. இரண்டு நாளில் டிபாசிட் முழுவதற்கும் சர்க்கார் பொறுப்பேற்றது. ஆண்ட்ரீசன் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தின் நினைவு பிரகடனத்தின் ஒரு வரியிலாவது கொஞ்சம் வெட்கமாகத் தங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

இவ்வளவு எழுதிய பிறகு, அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்லிவிடவேண்டும். 2020 ஏப்ரலில், கொள்ளைநோய் பரவிய நாட்களில், 'கட்டவேண்டிய காலம் இது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கர்கள் எதையும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், நகரங்களில் வீடு கட்ட விடமாட்டேனென்கிறார்கள், அதனால்தான் ஸான்பிரான்சிஸ்கோவில் சாதாரண மனிதன் குடியிருக்க முடியவில்லை என்று அதில் பொருமியிருந்தார். நல்ல கட்டுரை. நியாயமான கோபம். ஆனால் நான் சொல்லவந்தது அதுவுமல்ல.

கலிபோர்னியாவில் அதர்ட்டன் என்று ஓர் ஊர். அமெரிக்காவிலேயே மிகப் பணக்கார ஊர்களில் ஒன்று. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே தோப்பு இருக்கும். மாகாணச் சட்டப்படி அந்த ஊரும் தன் பங்குக்கு 348 புதிய வீடுகளுக்கு இடம் காட்டியாகவேண்டும் என்று வந்தது. நகரசபை சில இடங்களில் அடுக்கு வீடுகளை அனுமதிக்கலாமா என்று யோசித்து, 2022-ல் குடியிருப்போரின் அபிப்பிராயம் கேட்டது. ஆண்ட்ரீசனும் அவர் மனைவியும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் 'அட்லாண்டிக்' பத்திரிகை அதை வெளியிட்டது. இந்த யோசனைக்கு நாங்கள் கடுமையாக விரோதம் என்று, அந்த வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். வீட்டு மதிப்பு விழும், இரைச்சல் வரும், போக்குவரத்து நெரிசல் வரும், உடனே கைவிடுங்கள்.

பத்திரிகைகள் வேஷதாரி என்று சிரித்தன. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் எழுதியதில் மனிதன் தென்படுகிற இடம் இது ஒன்றுதான். அதில் 'நாங்கள் நம்புகிறோம்' இல்லை, ஐயாயிரம் கோடி ஜனங்கள் இல்லை, ஹாயெக் இல்லை. ஒரு புருஷன், ஒரு மனைவி, ஒரு வீடு, சாயங்கால வேளையின் அமைதி, அதைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எந்தத் தெருவிலும் இருக்கிறது. பக்கத்து மனையில் நாலு மாடி எழும்புகிறது என்றால் நம்மில் யார் மனு எழுதமாட்டோம்? என்னிடம் யாராவது ஆண்ட்ரீசனை வைத்து நாவல் எழுதச் சொன்னால், சிம்மாசனத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்த பையனிலிருந்து தொடங்கமாட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, புருஷனும் மனைவியும் அந்தக் கடிதத்தை எழுத உட்காருகிறார்கள். எந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் போடலாம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவேன்.

நகரசபை அடுக்கு வீட்டு யோசனையை அந்த வருஷமே தன் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.